கம்ப்ரசருக்கு ஒரு காற்றாடி

இரண்டு நாற்பதுக்குச் சுவிட்சைப் போட்டேன். மூன்று இருபது வரை ஓடவேண்டும். நடுவில் நிற்கக்கூடாது, கருகல் வாடை வரக்கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். வாடை வந்ததா இல்லையா என்று சொல்லப்போவது நான் இல்லை, புனிதவதி. கட்டிய மனைவியை நடுவராக வைத்துக்கொண்டு எவனாவது பரீட்சை எழுதுவானா, நான் எழுதுகிறேன். அவள் ஹாலில் இந்த அறைக் கதவுக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். துளி வாடை வந்தாலும் மெயினை இறக்கிவிடுவாள். இறக்கினால் இந்த கம்ப்ரசர் திங்கட்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போகும், அதோடு அவளும் தேவகோட்டைக்குப் போகமாட்டாள். வாடை வராவிட்டால் கம்ப்ரசர் இருக்கும், அவள் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுவாள், அக்கா மகளுக்கு வளைகாப்பு, நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். வாசனை தெரியாத மனுஷனையும் சூடேறுகிற மெஷினையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் அவள் கேள்வி. நீ ஊரில் இல்லாத நாலு நாளும் இதைத் தொடவேமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். எனக்கே நம்பிக்கை இல்லாததை அவள் எப்படி நம்புவாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுக்கிறேன், அதுவரைக்கும் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவள் மூக்கு சுருங்குவதற்குள் நான் ஏதாவது சமாதானம் ஆரம்பித்துவிடுவேனாம். உண்மைதான். கம்ப்ரசர் தையல் மெஷினின் தலை அளவுதான் இருக்கும், அடியில் மூன்று லிட்டர் சிலிண்டர், அதில் காற்று நிரம்பினால் மெஷின் தானாக நிற்கும், அதிலிருந்து ஒரு ட்யூப், ட்யூபின் முனையில் பேனா மாதிரி ஸ்பிரே கன். பொம்மை பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கத்தான் இவ்வளவும். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி ஒரு முழ நீளத்தில் பஸ் செய்கிறேன், சீட்டு, கம்பி, ஏணி, வைப்பர் எல்லாம் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில் பஸ் விளையாட்டு. கேட்பவர்களிடம் மாடல் என்று சொல்லிக்கொள்வேன், அவள் பொம்மை என்றுதான் சொல்வாள். இப்போது கையில் இருப்பது அறந்தாங்கி ரூட்டில் ஓடுகிற ஒரு தனியார் பஸ், இடுப்புக்குக் கீழே நீலம், மேலே வெள்ளை. நீலத்தை அடித்துக்கொண்டே இருந்தால்தான் காற்று செலவாகும், காற்று செலவானால்தான் மெஷின் ஓய்வெடுக்காமல் ஓடும், ஓய்வில்லாமல் ஓடினால்தான் பரீட்சை. கம்ப்ரசர் தலையில் ஒட்டியிருக்கிற சின்ன தெர்மாமீட்டரில் ஐந்தாம் நிமிடம் நாற்பத்தொன்று டிகிரி. குறித்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்று ஒன்றுமில்லை, வெயிலில் நின்ற பைக்கின் சீட்டே அவ்வளவு இருக்கும். ஆனாலும் பயமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு பொருள் சுடுவதற்கும் எரிவதற்கும் நடுவில் வாசனை என்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது, எனக்கு அது இல்லை, எனக்குச் சூடு, அப்புறம் நேரே புகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலோடு போனது. காய்ச்சல் விட்ட மறுநாள் புனிதவதி கடுங்காப்பி கொண்டுவந்தாள், வெந்நீர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டேன், அவள் விளையாட்டென்று நினைத்தாள். ஒரு மாதத்தில் வரும் என்றார் டாக்டர், அப்புறம் ஆறு மாதம் என்றார், அப்புறம் சிலபேருக்கு வராது என்றார். நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில், உதவியாளர். பையன்கள் அழுகிய முட்டை வாடை வாயுவைத் தயாரித்துவிட்டுக் கூட்டமாக வெளியே ஓட, நான் மட்டும் உள்ளே நின்று குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஆசிரியர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டில் சிரிப்பதற்கில்லை. பால் பொங்கி அடிப்பிடித்தாலும் தெரியாது, புத்தக அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தபோது ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்திருக்கிறேன். நான் கிளம்பும்போது சட்டையை அவள்தான் மோந்து பார்த்துக் கொடுக்கிறாள். சாம்பார் கெட்டுவிட்டதா, கேஸ் மூடியிருக்கிறதா, எல்லாம் அவள் மூக்குதான், இரண்டு பேர் மூக்கின் வேலையை ஒரு மூக்கு பார்க்கிறது. பத்து நிமிடம். ஐம்பத்திரண்டு. அவள் குரல் வரவில்லையே, வரவில்லையே, வந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல" என்றாள். டாக்டர் பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரியே இருந்தது. அந்தக் கார்த்திகை மாதத்துச் சாயங்காலம் இப்படியொரு குரல் வெளியே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அன்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் இதோ இந்த ஸ்டூலில் இதே மாதிரி உட்கார்ந்து ஒரு பஸ்ஸின் கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் எனக்குப் பின்னால் மரப்பெட்டிக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவமாகி இருபது நாள், குழந்தை தூங்கவேண்டுமே என்று சத்தம் குறைய நான்தான் பெட்டி செய்து உள்ளே பழைய மெத்தைத் துணியை ஒட்டியிருந்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை வேறு. சத்தம் குறைந்தது, சூடு உள்ளேயே தங்கியது. துணி புகைய ஆரம்பித்து எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியாது, நான் கூரையின் ஓரத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். திரும்பிப் பார்த்தால் பெட்டியின் இடுக்கிலெல்லாம் புகை. வாளித் தண்ணீரை ஊற்றினோம். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. "இன்னும் அரைமணி கழிச்சு வந்திருந்தா, கதவத் தொறந்ததும் உங்க வாடையத்தான் நான் மோந்திருப்பேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவள் தெருமுனையைத் தாண்டியதில்லை.

பதினைந்து. ஐம்பத்தெட்டு. ஏற்றம் குறைகிறது, முதல் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் பதினொன்று ஏறியது, இப்போது ஆறுதான். காற்றாடி வேலை செய்கிறது. காற்றாடி இல்லாமல் பெட்டியும் இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்த அன்று பதினைந்தாம் நிமிடம் தொண்ணூற்றாறு, அன்றைக்கும் இவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் ஓட்டினேன், தொண்ணூற்றாறைப் பார்த்ததும் நானே நிறுத்திவிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை காசிம் பாயிடம் போய், கழித்துப் போட்ட கம்ப்யூட்டரில் இருக்கிற சின்ன ஃபேன் இரண்டு வேண்டும் என்றேன். எதற்கு சார் என்றார், சொன்னேன், அவர் மூன்றாக எடுத்துக் கொடுத்தார், ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று. பழைய மோடத்தின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் வீட்டிலேயே கிடந்தது. பால்பவுடர் டப்பாவைக் கத்தரித்து விரித்து ஒரு புனல் மாதிரி வளைத்தேன், அகல வாயில் ஒரு ஃபேன், குறுகிய வாய் கம்ப்ரசர் தலையில் இருக்கிற இரும்பு வரிகளைப் பார்த்து. காற்று அந்த வரிகளுக்குள் புகுந்து போகவேண்டும். இரண்டாவது ஃபேன் அந்தப் பக்கம் நின்று சூட்டை வாங்கி ஜன்னல் பக்கம் தள்ளவேண்டும். எழுதிவைத்தால் இவ்வளவுதான், செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு இரண்டையும் எதிரெதிராக வைத்துவிட்டேன், இரண்டும் மெஷினைப் பார்த்து ஊதின, நடுவில் சூடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது, ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கதை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தேன், புகை போகிற வழியில் காற்று போகிறது. ஒரு கட்டு ஊதுபத்தி தீர்ந்தது. அறையே கல்யாண மண்டபம் மாதிரி மணக்கிறது, தலை வலிக்கிறது என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். எனக்கு அது வெறும் புகை, கோடு கோடாக ஆடிக்கொண்டு போகிற சாம்பல் நிறப் புகை, அவ்வளவுதான். அந்த வேலையின்போதுதான் அதைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். இல்லை, பார்த்தது நல்லதுதான். கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கும், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதற்குள் ஃபில்டர். மூடியின் ஓரத்தில் ஒன்றிரண்டைத் தவிர ஓட்டைகளே தெரியவில்லை. மஞ்சளாக, காய்ந்து, ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பூச்சு, நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜை.

ஆயுத பூஜை அன்று மிக்ஸி, கிரைண்டர், சைக்கிள், அரிவாள்மணை, தையல் ஊசி டப்பா என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் சந்தனம் வைத்தாள். இந்த மெஷினுக்கும் வைத்திருக்கிறாள். சத்தம் போடுகிற சனியன் என்று வாய்க்கு வாய் சொல்பவள், நான் பார்க்காத நேரத்தில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது நெற்றியில்லை, மூக்கு. மூச்சு விடுகிற வழி. காற்று சரியாக உள்ளே போகாததால் அழுத்தம் முழுசாக ஏறவில்லை, அழுத்தம் ஏறாததால் மெஷின் நிற்கவேயில்லை, நிற்காததால் சுட்டது. அடுத்த மாதம் அந்த மெத்தைத் துணி. பாதி என் பெட்டி, பாதி அவள் சந்தனம். நான் மூடியைக் கழற்றி ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்து, கழுவிக் காயவைத்து, திரும்ப மாட்டிவிட்டேன். சொல்லவில்லை. இரண்டு வாரம் ஆகிறது. காலையில் சொல்லலாம் என்று இருப்பேன், அவள் சட்டையை மோந்து பார்த்துக் கொடுப்பாள், வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். சொன்னால் என்ன ஆகும். அந்த ஈரத்தரையில் மறுபடி போய் உட்காருவாள், இந்தத் தரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு. உங்களை நானே கொல்லப் பார்த்தேனே என்பாள், அப்படித்தான் ஆரம்பிப்பாள், அதை என்னால் கேட்க முடியாது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் காற்றாடிக்குத்தான் எல்லாப் பேரும், எனக்குத்தான் எல்லாப் பேரும், அதுவும் வேண்டியிருக்கிறதே என்று நினைக்கும்போது என் மேலேயே கோபம் வருகிறது. அப்புறம் அடுத்த ஆயுத பூஜை வரும். அப்போது மூடியைக் கழற்றி ஒளித்துவைப்பேனா? அதைவிட, மெஷினின் சிலிண்டரில் நல்ல அகலமான இடத்தை நானே துடைத்துவைத்து, இங்கே வை புனிதா என்று காட்டிவிடலாம். இருபது. அறுபத்தொன்று. "ஒண்ணும் இல்ல, நடக்கட்டும்" என்றாள் ஹாலிலிருந்து. நடக்கட்டும் என்ற சொல்லை அவள் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பாதிப் பாலம் தாண்டியாகிவிட்டது. நீலம் இடதுபுறம் முடிந்து பின்பக்கம் வந்துவிட்டேன். அறுபத்தொன்று, மூன்றுதான் ஏறியிருக்கிறது, பதினொன்று, ஆறு, மூன்று, அடுத்தது ஒன்றோ இரண்டோ. எழுபது தாண்டாது. தாண்டுமோ? அடாப்டர் நின்றுவிட்டால் ஃபேன் நிற்கும், ஃபேன் நின்றால் இந்தச் சத்தத்தில் எனக்குத் தெரியாது, எட்டிப் பார்த்துக்கொண்டேன், சுற்றுகிறது, இறக்கைகள் தெரியாத அளவுக்குச் சுற்றுகிறது. பஸ் ஏறும்போது அவள் ஜன்னல் ஓரம் பிடிப்பாள். தேவகோட்டையில் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்தால் அடுப்படியிலேயே கிடப்பார்கள், நாலு நாளும் யார் சட்டையையும் மோந்து பார்க்காமல் இருப்பாள். எத்தனை நாளாயிற்று அவளுக்கு அப்படி ஒரு நாலு நாள்.

இருபத்தைந்து, அறுபத்து மூன்று. முப்பது, அறுபத்து மூன்று. ஏறவில்லை. ஏறவேயில்லை. முள்ளும் இல்லை ஒன்றும் இல்லை, சின்னக் கண்ணாடியில் எண்தான், ஆனாலும் விரலால் தட்டிப் பார்த்தேன், சிக்கிக்கொண்டதோ என்று. சிக்கவில்லை, அறுபத்து மூன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் ஆடுகிறது. எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது, ஐம்பத்து மூன்று வயது ஆய்வக உதவியாளர் ஆடக்கூடாது என்று சட்டமா. அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். முப்பத்தொன்று. குரல் வரவில்லை. மறந்திருப்பாள். முப்பத்திரண்டு. அவள் மறக்கிற ஆள் இல்லை, அடுப்பில் வைத்ததை இருபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட மறந்ததில்லை. வாடை வந்துவிட்டதோ? வந்திருந்தால் மெயின் இறங்கியிருக்கும், லேசாக வந்து, வாடைதானா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாளோ, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு. எனக்கு அந்தக் கை கண்ணில் தெரிகிறது, வளையல் மணிக்கட்டில் வழுக்கி இறங்க, விரல் மெயின் மேலே. நான் மூச்சை இழுத்தேன், ஆழமாக, மூக்கு வழியாக. காற்று வந்தது, குளிர்ச்சியாக வந்தது, அதில் ஒன்றுமில்லை, மூன்று வருஷமாக ஒன்றுமில்லை. கருகினாலும் இதே ஒன்றுமில்லைதான். மெஷினின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது, ஆனால் கையை வைத்துக்கொண்டிருக்கும்படிச் சுடுகிறது. வயரைத் தொட்டேன், பிளக்கைத் தொட்டேன், ஃபேனின் நடுமூடியைத் தொட்டேன், எல்லாம் சாதாரணம். கை சொல்வதை நம்பலாம் அல்லவா, மூக்கு இல்லாதவன் கையையாவது நம்பவேண்டாமா. முப்பத்தைந்து, அறுபத்து மூன்று. இன்னும் குரல் இல்லை. இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, தயிர்சாதத்தை அளைந்துவிட்டு எழுந்தாள். மயக்கமா? சமையலறையில் கேஸ் திறந்திருந்து, அது அவளை, சேச்சே, கேஸ் என்றால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாதே, அவளே விழுந்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? இதுதான், இதுதான் அவள் கார்த்திகை மாதத்திலிருந்து தினமும் நினைத்துக்கொண்டிருப்பது, எனக்கு ஐந்து நிமிடத்துக்கே நெஞ்சு அடிக்கிறது, அவள் எத்தனை மாதமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எழுந்து போகலாம். போகக்கூடாது என்றல்லவா சொல்லியிருக்கிறாள், முகத்தைப் பார்க்கக்கூடாது, நாற்பது நிமிடம் முழுசாக முடியவேண்டும், முடியாமல் போய் நின்றால் பாருங்கள் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்பாள். புனிதா என்று கூப்பிட்டேன். கம்ப்ரசர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஸ்பிரே கன்னில் நீலம் தீர்ந்து வெறும் காற்று வந்துகொண்டிருந்தது, நான் அதை யாருமில்லாத பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று இருபது. அறுபத்திரண்டு. மெஷினை ஓடவிட்டுவிட்டே எழுந்து கதவைத் திறந்தேன். ஹாலில் புகை இல்லை. மெயின் சுவிட்ச் மேலேதான் இருந்தது. நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது, அதில் அவள் இருந்தாள், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து. ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. கிட்டே போனேன். முந்தானை ஏறி இறங்கியது. மூச்சு சீராக வந்தது, கூடவே சின்னதாக ஒரு குறட்டையும். தூங்குகிறாள். மடியில் அக்காவுக்கு வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட், பாதியில் நின்ற எழுத்து, பேனா தரையில் உருண்டு கிடந்தது. மத்தியானம் ஒரு தூக்கம் போடாவிட்டால் சாயங்காலம் எரிந்து விழுகிறவள் ஒரு காலத்தில். அந்தப் புகைக்குப் பிறகு நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் அவள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. சோபாவில் சாய்ந்தாலும் மூக்கு விழித்துக்கொண்டிருக்கும், சடக்கென்று எழுந்து சமையலறைக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வருவாள். இப்போது பத்தடி தள்ளி அதே மெஷின் ஓடிக்கொண்டிருக்க, காவலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். இருபதாம் நிமிடம் நடக்கட்டும் என்று சொன்னாளே, அதோடு தூங்கிப் போயிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது, கலங்கினால் என்ன, பார்க்க யாருமில்லை. எழுப்பி அறுபத்திரண்டு என்று சொல்லவேண்டும் என்றுதான் ஓடிவந்தேன், அந்த எண்ணை இப்போது யாருக்குச் சொல்வது. சந்தனத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன், தேவகோட்டையிலிருந்து திரும்பி வந்த பிறகு, அவள் நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு நேரத்தில், என் பெட்டியை முதலில் சொல்லிவிட்டு. சத்தம் போடாமல் அறைக்குத் திரும்பி வந்தேன். நேரம் முடிந்துவிட்டது, நிறுத்தலாம். சுவிட்சில் விரலை வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, இத்தனை நேரம் அவள் இந்தச் சத்தத்தின் மேல்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாள், இது நின்றால் என்ன ஆயிற்றோ என்று எழுந்து ஓடிவருவாள். விரலை எடுத்தேன். கன்னில் மறுபடி நீலத்தை ஊற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பஸ்ஸின் வலதுபுறம் இன்னும் பாக்கி இருந்தது.